கருவிலுள்ள குழந்தையும் தாயின் குரலும்: மொழி நோக்கில் ஒரு விளக்கம்

கருவுற்ற தாய்க்கும் பிறவாத குழந்தைக்கும் இடையே உருவாகும் பிணைப்பு, மருத்துவத்திற்கும் உளவியலுக்கும் மட்டுமே உரிய பொருளாகப் பெரிதும் கருதப்பட்டு வருகிறது. மொழியை ஒதுக்கிவிட்டு இப்பிணைப்பை முழுமையாக விளக்க இயலாது என்பது நம் கருத்து. தாய்மொழி கற்பிப்போர் இதில் தனி அக்கறை கொள்ளுதல் வேண்டும்.

நம் இலக்கியம் சூலுற்ற மகளிரை நன்கறியும். 'வயா' என்னும் சொல் வேட்கைப் பெருக்கத்தைக் குறிக்கும் எனத் தொல்காப்பிய உரியியல் கூறும். கருவுற்ற மகளிரின் மசக்கைக்கும் அச்சொல் வழங்கிற்று. புளிச்சுவையை நாடும் நிறைசூல் மகளிரைக் கார்மேகத்திற்கு உவமையாக்குகிறது குறுந்தொகையின் 287ஆம் பாடல். கரு திங்கள்தோறும் கடக்கும் இடர்களை மாணிக்கவாசகரின் போற்றித் திருவகவல் வரிசைப்படுத்துகிறது. எனினும், இவற்றில் தாயின் வேட்கையும் உயிரின் துன்பமும் பேசப்படுகின்றனவேயன்றிக் கருவை நோக்கித் தாய் பேசும் பேச்சு இடம்பெறவில்லை. பிள்ளைத்தமிழும் குழந்தை பிறந்தபின், மூன்றாம் திங்களுக்குரிய காப்புப் பருவத்தில்தான் தொடங்குகிறது. ஆகவே, கருவோடு பேசும் மரபை ஏட்டில் தேடுவதினும் வீட்டு வழக்கில் தேடுவதே பொருந்தும். வளைகாப்பின்போது வளையலொலி குழந்தைக்குக் கேட்கும் என மூதாட்டியர் கூறுவது அத்தகைய வழக்கே.

இந்நம்பிக்கையை அறிவியல் ஒரு திருத்தத்துடன் ஏற்கிறது. ஏறத்தாழ 25ஆம் வாரமளவில் கரு ஒலிக்கு எதிர்வினை காட்டத் தொடங்குகிறது. தாயின் உடற்சுவரும் பனிக்குட நீரும் உயர் அதிர்வெண் கொண்ட ஒலிகளைப் பெரிதும் மங்கச் செய்து, தாழ்ந்த ஒலிகளை உள்ளே விடுகின்றன. மெய்யொலிகளின் கூர்மை குறைய, உயிரொலிகளும் குரலின் ஏற்ற இறக்கமும் சந்தமும் எஞ்சுகின்றன. பிறர் குரல் வெளியிலிருந்து மட்டுமே வருகிறது. தாயின் குரலோ அவள் உடலின் வழியாகவும் செல்கிறது. எனவே, வளையலின் கலகலப்பைக் காட்டிலும் அதனை அணிந்துகொண்டே அவள் பேசும் பேச்சுத்தான் குழந்தையைத் தெளிவாகச் சென்றடையும்.

அந்தோணி டிகாஸ்பரும் மெலனி ஸ்பென்சும் 1986இல் வெளியிட்ட ஆய்வு இவ்வகையில் புகழ்பெற்றது. கருக்காலத்தின் இறுதி ஆறு வாரங்களில் தாயர் நாள்தோறும் ஒரு கதைப்பகுதியை உரக்கப் படித்தனர். பிறந்தபின், வேறொரு பெண்ணின் குரலில் ஒலித்தபோதும், குழந்தைகள் அப்பகுதியையே விரும்பிக் கேட்டன. பிரெஞ்சு, செருமானியக் குழந்தைகளின் அழுகை இசையமைதியிலேயே வேறுபடுவதைக் கத்லீன் வெர்ம்கே குழுவினர் 2009இல் காட்டினர். நம் வட்டாரத்திற்கு மிக நெருக்கமானது 2010இல் வெளிவந்த கிறிஸ்டா பையர்ஸ்-ஹெய்ன்லைன் குழுவினரின் ஆய்வாகும். கருக்காலத்தில் தகாலோகும் ஆங்கிலமும் பேசிய தாயரின் குழந்தைகள் இரு மொழிகளிலும் நாட்டம் காட்டியதோடு, அவற்றை வேறுபடுத்தியும் அறிந்தன.

இவற்றைக் கொண்டு அபிமன்யுவின் கதையை மெய்ப்பிக்க முனைவது தவறு. கரு அறிவது ஓசையை, பொருளையன்று. கருவிலேயே அறிவாளியாக்குவதாக விளம்பரம் செய்யும் ஒலிவட்டுகளுக்கு இவ்வாய்வுகள் சான்றாகா.

பேச்சின் பயன் குழந்தைக்கு மட்டும் உரியதன்று. மெக்கா கிரான்லி 1981இல் உருவாக்கிய தாய்–கரு பிணைப்பு அளவுகோலின் ஐந்து கூறுகளுள் கருவோடு உறவாடலும் ஒன்று. கருவிற்குக் குணமும் எண்ணமும் ஏற்றிக் கூறுதல் மற்றொன்று. "இவன் குறும்புக்காரன்", "இவளுக்கு இந்தப் பாட்டுப் பிடிக்கிறது" என்று தாய் சொல்லுந்தோறும் குழந்தை அவள் உள்ளத்தில் தனியொரு ஆளாக உருப்பெறுகிறது. தலைச்சூலில் 18 முதல் 20 வாரமளவில் அசைவை உணர்ந்தபின் இத்தகைய பேச்சு இயல்பாகவே பெருகும். முன்னர்க் கருவிழந்த பெண் அச்சத்தால் விலகி நிற்பதும் உண்டு. அதனை அன்பின்மை எனக் கொள்ளலாகாது.

இங்கு எம்மொழியில் அப்பேச்சு நிகழ்கிறது என்பதே நமக்குரிய வினா. சிங்கப்பூரில் ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ள குடியிருப்பாளருள் வீட்டில் பெரிதும் தமிழ் பேசுவோர் 2010இல் 3.3 விழுக்காடு, 2020இல் 2.5 விழுக்காடு. அலுவலகத்தில் நாளெல்லாம் ஆங்கிலம் பேசும் தாய்க்கு மாலைநேர வீட்டுப் பேச்சே தமிழுக்குரிய வாய்ப்பாகிறது. ஆங்கிலத்தை விலக்குமாறு அவரிடம் கூற வேண்டியதில்லை. இரு மொழிகளுக்கும் குழந்தையின் செவியில் இடமுண்டு. வயிற்றில் ஒலிபெருக்கி பொருத்துவதும் வேண்டா. கணவரோடும் மாமியாரோடும் தமிழில் உரையாடுவதும், பிடித்த கதையை வாய்விட்டுப் படிப்பதுமே போதும். கருவுற்ற நம் தமிழாசிரியைகளுக்கு அதுவும் தேவைப்படாது. வகுப்பில் அவர்கள் குரலுயர்த்தும் ஒவ்வொரு முறையும் முன்வரிசை மாணவருக்கு முன்பே கேட்கும் செவி ஒன்று உள்ளே இருக்கிறது.