உங்களுக்குத் தெரியுமா? புராஸ்டேட் சிகிச்சை முடிந்த பின்...

புற்றுநோய்க்காகப் புராஸ்டேட் சுரப்பியை முழுதாக எடுத்துவிட்டு வீடு திரும்புகிறவர் தனியாக வருவதில்லை. சிறுநீர் டியூபும் அதோடு தொங்கும் பையும் கூடவே வரும். சிறுநீர்ப்பையையும் சிறுநீர்க் குழாயையும் இணைத்துத் தைத்த இடம் ஆற வேண்டுமே! பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரம். பை எப்போதும் இடுப்புக்குக் கீழேதான் இருக்க வேண்டும். தூக்கிப் பிடித்தால் சிறுநீர் வந்த வழியே திரும்பும். இந்த நாட்களுக்கு லுங்கியை மிஞ்சிய உடை கிடையாது.

★

டியூபை எடுத்த அன்றுதான் பலருக்கு அதிர்ச்சி. இருமினால் சொட்டும், தும்மினால் சொட்டும், நாற்காலியை விட்டு எழுந்தாலும் சொட்டும். சிறுநீரைத் தடுத்து நிறுத்த நமக்கு இரண்டு வளையத் தசைகள் உண்டு. சிறுநீர்ப்பையின் வாயில் இருக்கும் உள்வளையம் ஆபரேஷனில் அடிபட்டுப் போகிறது. அதுவரை துணைக்கு நின்ற வெளிவளையம் இனி முழு வேலையையும் பார்க்கப் பழக வேண்டும். அதற்குச் சில மாதம் பிடிக்கும். சிலருக்கு ஒரு வருடம்கூட. முதலில் இரவுக் கசிவு நிற்கும், ஏனென்றால் படுத்திருக்கும்போது அழுத்தம் குறைவு. சாயங்காலக் கசிவு கடைசியாக நிற்கும். நாள் முழுக்க இறுக்கிப் பிடித்த தசை அந்நேரத்துக்குக் களைத்துப் போயிருக்கும். காலையில் நன்றாகத்தானே இருந்தது, திரும்பவும் மோசமாகிவிட்டதோ என்று பயப்பட வேண்டாம்.

★

இந்தத் தசைக்குச் சொல்லித்தரும் கெகல் பயிற்சி முதலில் ஆண்களுக்காக வந்ததல்ல. பிரசவத்துக்குப் பின் கசிவால் அவதிப்பட்ட பெண்களுக்காக அமெரிக்க மகப்பேறு மருத்துவர் அர்னால்டு கெகல் 1948இல் எழுதியது. சபையில் உட்கார்ந்திருக்கும்போது வாயு பிரியப் பார்த்தால் எந்தத் தசையை இறுக்குவோமோ, அதேதான். தொடையையும் பிட்டத்தையும் இறுக்கக் கூடாது, மூச்சைப் பிடிக்கக் கூடாது. நாற்காலியிலிருந்து எழுவதற்கு ஒரு நொடி முன்னால் இறுக்கிக்கொண்டு எழுந்து பாருங்கள், வித்தியாசம் தெரியும். டியூப் இருக்கும்போது மட்டும் இந்தப் பயிற்சி வேண்டாம்.

★

கசிகிறதே என்று தண்ணீரைக் குறைத்தால் கசிவு குறையாது. சிறுநீர் அடர்த்தியாகி, சிறுநீர்ப்பையை உறுத்தி, இன்னும் அவசரப்படுத்தும். குறைக்க வேண்டியது காபியை. (இதைச் சொன்னால் யார் கேட்கிறார்கள்?)

★

“எவ்வளவு கசிகிறது?” என்று டாக்டர் கேட்டால் “கொஞ்சம்” என்பார்கள். இதை அளக்கச் சமையலறைத் தராசு போதும். கசிவை உறிஞ்ச உள்ளாடையில் வைக்கும் புது பேடை எடை போட்டுக்கொள்ளுங்கள்; நனைந்ததையும் போடுங்கள். ஒரு கிராம் கூடினால் ஏறக்குறைய ஒரு மில்லி. 24 மணி நேரக் கணக்கைச் சீட்டில் எழுதிப் போனால் டாக்டருக்கும் உங்களுக்கும் பேச ஒரு எண் கிடைக்கும். தராசுக்கு மேல் ஒரு பிளாஸ்டிக் உறை போட்டுவிடுங்கள், வீட்டில் சண்டை வேண்டாம்.

★

பேட் சரி, அதை எங்கே போடுவது? பெண்கள் கழிப்பறையில் கூடை இருக்கும், ஆண்கள் கழிப்பறையில் இருக்காது. நனைந்ததைச் சட்டைக்குள் ஒளித்து வீட்டுக்கே கொண்டுவரும் ஆண்களுக்காக பிரிட்டனில் ‘பாய்ஸ் நீட் பின்ஸ்’ என்றும் ஆஸ்திரேலியாவில் ‘பின்ஸ் ஃபார் ப்ளோக்ஸ்’ என்றும் இயக்கங்களே நடக்கின்றன. நம்மூரில் கல்யாண மண்டபம் கட்டுகிறவர்கள் காதில் யாராவது போட்டால் தேவலை.

★

வருடக் கணக்காகியும் நிற்காத கசிவுக்குச் செயற்கை வளையம் இருக்கிறது. முதலில் பொருத்தியது 1972இல். சிறுநீர்க் குழாயைச் சுற்றி ஒரு பட்டை, விதைப்பைக்குள் ஒரு சின்ன பம்ப். பம்பை அமுக்கினால் பட்டை தளரும், சிறுநீர் போகும். சில நிமிடத்தில் அதுவே மறுபடி இறுகிக்கொள்ளும்.

★

ஒரு காலத்தில் புராஸ்டேட்டை எடுக்கும் ஆபரேஷன் என்றாலே தாம்பத்தியம் முடிந்தது என்றுதான் அர்த்தம். விறைப்புக்கான நரம்புகள் எந்த வழியாகப் போகின்றன என்பதே சரியாகத் தெரியாது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர் பேட்ரிக் வால்ஷ், 1981இல் ஹாலந்தின் லெய்டன் நகரில், ஓய்வுபெற்ற பேராசிரியர் பீட்டர் டோங்கரோடு சேர்ந்து அந்த நரம்புகளைத் தேடினார். இறந்து பிறந்த சிசுவின் உடலில்தான் அவை தெளிவாகத் தெரிந்தன. சுரப்பிக்கு உள்ளே அல்ல, அதன் ஓரமாக! 1982 ஏப்ரலில் அவற்றைக் காப்பாற்றி முதல் ஆபரேஷனைச் செய்தார். அப்படிக் காப்பாற்றிய நரம்பும் அதிர்ச்சியில் உறங்கிக் கிடக்கும். விழிக்க ஒன்றரை, இரண்டு வருடம்கூட ஆகலாம். அதுவரை மாத்திரை, ஊசி, வாக்குவம் பம்ப் என்று வழிகள் உண்டு. ஆனால் நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை எடுப்பவர்கள் வயாக்ராவைத் தொடவே கூடாது. இரத்த அழுத்தம் அபாயமாகச் சரிந்துவிடும்.

★

சுரப்பியை எடுத்த பின் உச்சம் உண்டு, விந்து வராது. விந்துப் பைகளும் சேர்ந்தே போய்விடுவதால் இப்படி. கேட்கக் கூச்சப்பட்டு, ஏதோ கோளாறு என்று உள்ளுக்குள் புழுங்குகிறவர்கள் ஏராளம். பிள்ளை ஆசை பாக்கி இருந்தால், ஆபரேஷனுக்கு முன்பே விந்தணுவை உறைய வைத்துச் சேமிக்க வேண்டும்.

★

ஆண் ஹார்மோனை நிறுத்தினால் இந்தப் புற்று சுருங்கும் என்று 1941இல் காட்டியவர் சிகாகோவின் சார்லஸ் ஹக்கின்ஸ். 1966இல் நோபல் பரிசு பெற்றார். ஹார்மோன் ஊசி இன்றும் அதே அடிப்படையில்தான் வேலை செய்கிறது. ஊசி போட்டவருக்கு நடு ராத்திரியில் திடீரென்று உடம்பு தகிக்கும், வியர்த்துக் கொட்டும். மாதவிடாய் நின்ற மனைவிக்கு இதை விளக்கவே வேண்டாம். வெளியே தெரியாமல் எலும்பும் தேயும், தசையும் கரையும். எலும்பு அடர்த்தி சோதனையும், எடை தூக்கும் உடற்பயிற்சியும் சிகிச்சையிலேயே சேர்ந்தவை.

★

இரத்தத்தில் புராஸ்டேட் புரதத்தை அளக்கும் பி.எஸ்.ஏ. சோதனையின் எண்ணை அடுத்த வீட்டுக்காரரின் எண்ணோடு ஒப்பிடாதீர்கள். சுரப்பியை எடுத்தவருக்கு அது கிட்டத்தட்டப் பூஜ்யமாக வேண்டும்; 0.2ஐத் தொட்டு, மறு சோதனையிலும் அப்படியே இருந்தால் டாக்டர் உஷாராவார். கதிர்வீச்சு எடுத்தவருக்குச் சுரப்பி உள்ளேயே இருப்பதால் பூஜ்யம் ஆகாது. அவர் தொட்ட மிகக் குறைந்த அளவிலிருந்து 2 கூடினால்தான் நோய் திரும்பியதாகக் கணக்கு. நடுவில் ஒருமுறை ஏறித் தானாகவே இறங்குவதும் உண்டு. இன்னும் சோதனை செய்துகொள்ளாதவர்களுக்கு ஒரு செய்தி: வழுக்கைக்குச் சாப்பிடும் ஃபினாஸ்டரைடு மாத்திரை பி.எஸ்.ஏ.வை ஏறக்குறையப் பாதியாகக் காட்டும். டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

★

வைட்டமின் ஈ இந்தப் புற்றைத் தடுக்குமா என்று 35,000க்கும் அதிகமான ஆண்களிடம் வட அமெரிக்காவில் சோதித்தார்கள். 2011இல் வந்த முடிவு: வைட்டமின் ஈ மட்டும் சாப்பிட்டவர்களுக்குப் புராஸ்டேட் புற்று 17 சதவீதம் அதிகம்!

★

சிகிச்சைக்காகச் சுரப்பிக்குள் கதிரியக்க விதைகளைப் பதித்துக்கொண்டவர் விமான நிலையத்தில் கதிர்வீச்சைக் கண்டறியும் கருவியை அலற வைக்கலாம். அதற்காகவே கையில் அட்டை கொடுத்து அனுப்புவார்கள். முதல் சில மாதம் பேரப்பிள்ளையை மடியில் வெகுநேரம் வைத்துக்கொள்ளக் கூடாது. அயோடின் விதையின் வீரியம் சுமார் 60 நாளுக்கு ஒருமுறை பாதியாகும், அதனால் இது தற்காலிகத் தடைதான்.

★

பிரான்ஸ் அதிபர் மித்தரான் 1981இல் பதவிக்கு வந்ததும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை உடல்நல அறிக்கை தருவதாக வாக்குக் கொடுத்தார். அந்த ஆண்டு இறுதியிலேயே எலும்புக்குப் பரவிய புராஸ்டேட் புற்று தெரிந்தது. அறிக்கைகள் தவறாமல் வந்தன, நோய் மட்டும் அவற்றில் இல்லை. 1992இல் ஆபரேஷன் நடந்தபோதுதான் நாட்டுக்கே தெரிந்தது. இரண்டு பதவிக்காலங்களை முழுதாக முடித்துவிட்டு, 1996 ஜனவரியில் இறந்தார். 1981 முதலே நோய் இருந்த உண்மையை அதே மாதம் அவருடைய டாக்டர் புத்தகமாகப் போட, நீதிமன்றம் உடனே தடை போட்டது.

★

லாக்கர்பி விமானக் குண்டுவெடிப்பில் தண்டனை பெற்ற லிபியர் மெக்ராஹிக்கும் இதே நோய். மூன்று மாதம்தான் தாங்குவார் என்ற கணிப்பின் பேரில் 2009 ஆகஸ்டில் ஸ்காட்லாந்து அரசு கருணை காட்டி விடுவித்தது. அவர் இறந்தது 2012 மே மாதம்!