30 நாள் கெடு, 34 வருஷ வழக்கு: சுற்றுச்சூழல் வழக்கறிஞர்களுக்குக் கூட்டமைப்பு எதற்கு?

உங்கள் ஊர் ஏரிக்குப் பக்கத்தில் ஒரு பெரிய தொழிற்சாலை வரப்போகிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்குச் சுற்றுச்சூழல் அனுமதியும் கிடைத்துவிட்டது. ஊரே எதிர்க்கிறது. 'சரி, கோர்ட்டுக்குப் போவோம்' என்று முடிவெடுக்கிறீர்கள். அதற்கு எத்தனை நாள் டைம் இருக்கிறது தெரியுமா?

வெறும் 30 நாள்.

தேசிய பசுமைத் தீர்ப்பாயச் சட்டம் 2010-ன் 16-வது பிரிவு சொல்வது இதுதான். தாமதத்துக்குச் சரியான காரணம் காட்டினால் இன்னும் 60 நாள் வரை தீர்ப்பாயம் மன்னிக்கலாம். மொத்தம் 90 நாள் தாண்டிவிட்டால், உங்கள் பக்கம் எவ்வளவு நியாயம் இருந்தாலும் அந்த மேல்முறையீட்டை எடுத்துக்கொள்ள தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் இல்லை.

இந்தக் கெடுவைத் தனி ஒரு வக்கீல் சமாளிக்க முடியுமா? முடியாது என்பதால்தான் சுற்றுச்சூழல் வழக்கறிஞர்கள், விஞ்ஞானிகள், சட்டக் கல்லூரி மாணவர்கள் எல்லாம் கூட்டமைப்புகளாகச் சேர்கிறார்கள். அப்படி என்னென்ன அமைப்புகள் இருக்கின்றன? அவை என்ன செய்கின்றன? பார்ப்போம்.

அந்த 30 நாளில் அப்படி என்ன வேலை?

முதலில், அனுமதி கொடுத்தார்கள் என்ற விஷயமே உங்களுக்குத் தெரிய வேண்டும். அனுமதிக் கடிதம் அரசின் 'பரிவேஷ்' இணையதளத்தில் ஏறும். நிறுவனம் உள்ளூர் நாளிதழ்களில் விளம்பரம் கொடுக்க வேண்டும். இப்படிப் பல வழிகளில் தகவல் வெளியானால், எது முதலில் வந்ததோ அந்த நாளிலிருந்து கணக்கு தொடங்கும். 'நான் பார்க்கவே இல்லையே' என்பது எடுபடாது.

அடுத்தது சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை. சுருக்கமாக இஐஏ. சில நூறு பக்கம் இருக்கும். நிலத்தடி நீர், காற்று மாதிரி, பறவைகள் பட்டியல், போக்குவரத்துக் கணக்கு என எல்லாம் அதில் வரும். கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு உள்ளூர் மொழியில் கொடுப்பது அதன் சுருக்கத்தைத்தான். முழு அறிக்கை பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும்.

இதைப் படித்து 'இந்த அட்டவணை தப்பு' என்று கண்டுபிடிக்க வக்கீலுக்குச் சட்டம் தெரிந்தால் மட்டும் போதாது. நீரியல் தெரிந்தவர் வேண்டும். தாவரவியல் தெரிந்தவர் வேண்டும். 'அந்த ஓடை வரைபடத்தில் இல்லை, ஆனால் இங்கே ஓடுகிறது' என்று சொல்ல அந்த ஊர்க்காரர் வேண்டும். அதற்குப் பிறகுதான் மனு, ஆவணங்கள், போட்டோக்கள், பிரமாணப் பத்திரம் எல்லாம்.

ஒரு சாம்பிள் பாருங்கள். மகாராஷ்டிராவின் ரத்னகிரி மாவட்டத்தில் ஒரு பாக்சைட் சுரங்கத்துக்கான இஐஏ அறிக்கை, ஸ்ப்ரூஸ், பிர்ச் மரக் காடுகளில் வாழும் பறவைகளைப் பற்றிப் பேசியது. இரண்டுமே குளிர்நாட்டு மரங்கள். கொங்கண் கடற்கரைக்கும் அவற்றுக்கும் சம்பந்தமே இல்லை. ரஷ்யாவில் உள்ள ஒரு சுரங்கத்துக்கான அறிக்கையிலிருந்து பகுதிகளை அப்படியே எடுத்து ஒட்டியிருந்தார்கள். கோர்ட்டில் வாதாடும் திறமை எவ்வளவு இருந்தாலும், யாராவது உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் படித்தால் தவிர இது வெளியே வராது.

பசுமைத் தீர்ப்பாயமும் இப்படித்தான் அமைக்கப்பட்டிருக்கிறது. அங்கே நீதிபதியோடு துறை நிபுணர் ஒருவரும் உட்கார்ந்து வழக்கைக் கேட்பார். உணர்ச்சிகரமாகப் பேசினால் மட்டும் அவரிடம் வேலைக்கு ஆகாது. டேட்டா கேட்பார்.

ஒரே ஒரு வக்கீல் ஜெயித்த கதைகள் இருக்கிறதே?

இருக்கிறது. எம்.சி. மேத்தாவைப் பற்றிப் படித்திருப்பீர்கள். கங்கை மாசு, தாஜ்மஹால் என உச்ச நீதிமன்றத்தில் அடுத்தடுத்து வழக்குகள் நடத்தியவர். 1996-ல் கோல்ட்மேன் சுற்றுச்சூழல் விருது வாங்கினார். அதே ஆண்டு ஆகஸ்ட் 28-ம் தேதி தீர்ப்பு வந்த, நம் வேலூர் தோல் தொழிற்சாலை வழக்கிலும் அவர் பங்கு உண்டு.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-ல் போட்ட வழக்கு அது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு பாலாற்றில் கலந்து, கிணற்று நீரும் விளைநிலமும் கெட்டுப்போனதைப் பற்றிய வழக்கு. சுமார் 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் பாதியாகவோ முழுவதுமாகவோ சாகுபடிக்கு லாயக்கில்லாமல் போனது என்ற ஆய்வும், 13 கிராமங்களில் பார்த்த 467 கிணறுகளில் 350 கெட்டுவிட்டன என்ற கணக்கும் தீர்ப்பிலேயே இருக்கின்றன.

'மாசுபடுத்தியவரே விலை கொடுக்க வேண்டும்', 'ஆபத்து இருக்கும் என்று தெரிந்தால் முழு ஆதாரம் வரும்வரை காத்திருக்கக் கூடாது' என்ற இரண்டு கொள்கைகளும் இந்தியச் சட்டத்தின் பகுதிதான் என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. இன்று நாடு முழுவதும் சட்ட மாணவர்கள் பரீட்சைக்குப் படிக்கும் தீர்ப்பு.

அதற்குப் பிறகு நடந்ததை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. 2001-ல் 29,193 குடும்பங்களுக்கு 26.82 கோடி ரூபாய் இழப்பீடு நிர்ணயம் ஆனது. அது பலருக்கு ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை என்றும், ஆற்றில் கழிவு கலப்பது நிற்கவில்லை என்றும் மறுபடி கோர்ட் ஏறினார்கள். 2025 ஜனவரி 30-ம் தேதி உச்ச நீதிமன்றம் இன்னொரு தீர்ப்பு கொடுத்தது. இன்னும் இழப்பீடு கிடைக்காதவர்களுக்கு ஆறு வாரத்துக்குள் கொடுக்க வேண்டும், ஓய்வு பெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் கண்காணிப்புக் குழு போட வேண்டும் என்று உத்தரவிட்டது.

1991 முதல் 2025 வரை 34 வருஷம். 1991-ல் ஜூனியராகச் சேர்ந்த ஒரு வக்கீல் இன்று ரிட்டயர் ஆகும் வயதில் இருப்பார். 2025-ல் உச்ச நீதிமன்றத்தின் முன் நின்றது தனி நபர் இல்லை. வேலூர் மாவட்ட சுற்றுச்சூழல் கண்காணிப்புக் குழு என்ற அமைப்பு. ஃபைலை ஒரு தலைமுறையிடமிருந்து இன்னொரு தலைமுறை வாங்கிக்கொள்ள, இப்படி ஏதோ ஒரு அமைப்பு உயிரோடு இருந்தாக வேண்டும்.

என்னென்ன அமைப்புகள் இருக்கின்றன?

உலக அளவில் முக்கியமானது 'ஈலா' என்று அழைக்கப்படும் உலகளாவிய சுற்றுச்சூழல் சட்டக் கூட்டணி. 1989-ல் பல நாட்டு வழக்கறிஞர்கள் சேர்ந்து தொடங்கியது. தலைமையகம் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் உள்ள யூஜீன் நகரம். இதன் ஸ்பெஷல், சம்பளத்துக்கு விஞ்ஞானிகளை வைத்திருப்பது. ஏதோ ஒரு நாட்டில் ஒரு வக்கீல் இஐஏ அறிக்கையை அனுப்பினால், அதில் உள்ள ஓட்டைகளை அவர்கள் படித்துச் சொல்வார்கள். இந்தியா, இலங்கை வழக்கறிஞர்களும் இந்த வலைப்பின்னலில் இருக்கிறார்கள்.

இந்தியாவில் டெல்லியை மையமாகக் கொண்டது 'லைஃப்'. வழக்கறிஞர்கள் ரித்விக் தத்தாவும் ராகுல் சவுத்ரியும் 2005-ல் தொடங்கியது. காடு, சுரங்கம், அணை தொடர்பான அனுமதிகளை எதிர்க்கும் கிராம மக்களுக்காக வழக்கு நடத்துகிறது. 'மாற்று நோபல்' எனப்படும் ரைட் லைவ்லிஹுட் விருது 2021-ல் இந்த அமைப்புக்குக் கிடைத்தது.

தமிழ்நாட்டில் 'பூவுலகின் நண்பர்கள்' இயக்கத்தைச் சொல்லலாம். இது வழக்கறிஞர் சங்கம் இல்லை. ஆனால் வழக்கறிஞர்களும் ஆய்வாளர்களும் எழுத்தாளர்களும் சேர்ந்து வேலை செய்யும் இடம். கூடங்குளம் அணு உலை வழக்கை உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோனவர் இந்த இயக்கத்தின் கோ. சுந்தர்ராஜன். 2013 மே 6-ல் உலையை இயக்க கோர்ட் அனுமதி கொடுத்துவிட்டது. ஆனால் கூடவே 15 வழிகாட்டுதல்களையும் போட்டது. தோற்ற வழக்கிலும் கையில் ஏதோ மிஞ்சும் என்பதற்கு இது ஒரு உதாரணம்.

இவை தவிர, தீர்ப்பாயத்தில் வாதாடும் வக்கீல்களின் பார் அசோசியேஷன்களும் இருக்கின்றன. இவர்களுக்கு என்ன வேலை? நீதிபதி நாற்காலி காலியாக இருந்தால், உங்கள் 30 நாள் கணக்குக்கு அர்த்தமே இல்லை. தீர்ப்பாயத்தில் உறுப்பினர் இடங்கள் காலியாகக் கிடந்தபோது, புனேவில் உள்ள மேற்கு மண்டல பார் அசோசியேஷன் உச்ச நீதிமன்றம் வரை போனது. கட்சிக்காரருக்காக இல்லாமல், கோர்ட்டுக்காகவே வழக்குப் போடுவது தனி வக்கீலுக்குக் கஷ்டம். சங்கத்துக்கு அது சாத்தியம்.

மாணவர்களுக்கு இதில் என்ன இடம்?

எல்.எல்.பி. படிப்பில் சுற்றுச்சூழல் சட்டம் கட்டாயப் பாடம். பெங்களூரு தேசிய சட்டப் பல்கலைக்கழகத்தில் 'சீரா' என்ற தனி ஆய்வு மையமே இருக்கிறது. அமெரிக்காவின் ஸ்டெட்சன் பல்கலைக்கழகம் நடத்தும் சர்வதேசச் சுற்றுச்சூழல் மாதிரி நீதிமன்றப் போட்டிக்கு இந்தியச் சுற்றும் உண்டு. யூஜீனில் உள்ள ஓரிகன் பல்கலைக்கழகத்தில் ஆண்டுதோறும் பொதுநலச் சுற்றுச்சூழல் சட்ட மாநாடு நடக்கிறது. அதை முழுக்க ஏற்பாடு செய்வது சட்ட மாணவர்கள்தான்.

ஆனால் சர்டிஃபிகேட்டைத் தாண்டி உண்மையிலேயே ஆள் தேவைப்படும் இடம் வேறு. பரிவேஷ் தளத்தைத் தினமும் பார்த்து, எந்த மாவட்டத்தில் எந்தத் திட்டத்துக்கு அனுமதி வந்தது, கெடு என்றைக்கு முடிகிறது என்று குறித்து வைப்பது. இஐஏ அறிக்கையின் முக்கியப் பகுதிகளைத் தமிழில் எழுதி ஊர் மக்களுக்குக் கொடுப்பது. ஆர்.டி.ஐ. மனு எழுதிப் போடுவது. இதற்கெல்லாம் வக்கீல் கோட்டு வேண்டாம். இரண்டாம் ஆண்டு மாணவரே செய்யலாம். அந்த 30 நாளில் பத்து நாளை மிச்சப்படுத்திக் கொடுப்பது இந்த வேலைதான்.

விமர்சனமே இல்லையா?

இருக்கிறது. 'இவர்கள் வளர்ச்சித் திட்டங்களை முடக்குகிறார்கள், பணம் வெளிநாட்டிலிருந்து வருகிறது' என்பது அடிக்கடி வரும் குற்றச்சாட்டு. வெளிநாட்டு நிதி ஒழுங்குமுறைச் சட்டத்தை மீறியதாக 2023-ல் லைஃப் அமைப்பு மீது சிபிஐ வழக்குப் பதிவு செய்தது. வழக்குப் பதிவு என்பது தீர்ப்பு இல்லை. ஆனால் ஒரு பிரச்சினையை இது காட்டுகிறது: கிராமத்து மக்களிடம் ஃபீஸ் வாங்க முடியாது, வெளியிலிருந்து வரும் நிதிக்குக் கேள்வி வரும். அப்படியானால் இந்த வேலைக்கு யார் சம்பளம் கொடுப்பது? இந்தத் துறைக்கு ஆசையாக வரும் பல ஜூனியர்கள் சில வருஷத்தில் வேறு பக்கம் போய்விடுவதற்கு இந்தக் கேள்வியும் ஒரு காரணம்.

சரி, நமக்கு ஒரு பிரச்சினை என்றால்?

தமிழ்நாடு, புதுச்சேரி, கேரளா, கர்நாடகா, ஆந்திரா, தெலங்கானா, லட்சத்தீவு எல்லாவற்றுக்கும் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையில்தான் இருக்கிறது. சேப்பாக்கம் கலச மகால் கட்டடம். இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய். வக்கீல் இல்லாமல் நீங்களே நேரில் வாதாடவும் முடியும்.

இந்தக் கணக்கை மட்டும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்:

* அனுமதியை எதிர்த்து மேல்முறையீடு: 30 நாள்
* சுற்றுச்சூழல் பாதிப்பு பற்றிய மனு: பிரச்சினை முதலில் எழுந்த நாளிலிருந்து 6 மாதம்
* இழப்பீடு, சீரமைப்பு கேட்கும் மனு: 5 ஆண்டு

மூன்றுக்குமே, தகுந்த காரணம் இருந்தால் கூடுதலாக அதிகபட்சம் 60 நாள்.

அனுமதிக் கடிதம் வந்த பிறகு வக்கீலைத் தேட ஆரம்பித்தால் முதல் வாரம் அதிலேயே போய்விடும். கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு நோட்டீஸ் வந்த அன்றே ஒரு அமைப்பைத் தொடர்புகொள்வதுதான் புத்திசாலித்தனம். வழக்கைத் தொடங்கும் அந்த 30 நாளுக்கும் ஆள் வேண்டும். பாலாற்றுக் கரையில் நடந்ததைப் போல 34 வருஷம் இழுத்தால், அப்போதும் ஃபைலைக் கையில் வைத்திருக்க ஆள் வேண்டும்.