பச்சை மீனும் பனிக்கட்டியும்

தம்பானூர்ப் பேருந்து நிலையத்தின் அருகே லாரி பேக்கர் வடிவமைத்த இந்தியன் காபி ஹவுஸ் இருப்பதைத் திருவனந்தபுரத்தில் பயிலும் தமிழ் மாணவர் அனைவரும் அறிவர். சுருளாய் மேலேறும் அக்கட்டடத்தில் ஒரு மாலை நண்பர்கள் என்னைச் சூழ்ந்துகொண்டு, "சென்னையில் பச்சை மீனைத் தின்றாயாமே, உண்மையா?" என்று வினவினர். உண்மைதான். வேலை கிடைத்த மகிழ்ச்சியில் மூத்த மாணவர் ஒருவர் என்னைச் சென்னையில் உயர்தர ஜப்பானிய உணவகம் ஒன்றுக்கு அழைத்துச் சென்றார். ஒரகடம், திருப்பெரும்புதூர் வட்டாரத் தொழிற்சாலைகளுக்கு ஜப்பானியர் பலர் வந்து தங்கியதால் அந்நகரில் இத்தகைய உணவகங்கள் பெருகின. அன்று நண்பர்களுக்குச் சொன்ன விடைகளையே இங்கு எழுதுகிறேன்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் களைவோம். சுஷி என்பது பச்சை மீன் அன்று. காடி சேர்த்த சோற்றால் ஆகிய உணவு. சோற்றின்மேல் பச்சை மீன் இருக்கலாம். வெந்த இறாலோ முட்டையோ இருக்கலாம். சோறின்றி மீனை மட்டும் சீவி வைத்தால் அதன் பெயர் சஷிமி.

சோறும் மீனும் எவ்வாறு கூடின? பழங்காலத்தில் உப்பிட்ட மீனைச் சோற்றுக்குள் பல மாதம் புதைத்து வைத்தனர். சோறு புளித்து லாக்டிக் அமிலம் உண்டாகும். அவ்வமிலம் மீனைக் கெடாமல் காக்கும். நம் வீட்டுப் பழைய சோற்றையும் தோசை மாவையும் புளிக்கவைக்கும் நுண்ணுயிர்களின் இனத்தவையே அங்கும் வேலை செய்தன. பின்னர்க் காத்திருக்கப் பொறுமையின்றிச் சோற்றில் காடியைக் கலந்தனர். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், இன்று டோக்கியோ எனப்படும் எடோ நகரத்தில், கையால் பிடித்த சுஷி தெருக்கடைகளில் விற்கப்பட்டது. இன்று மாளிகைபோன்ற ஓட்டலில் பரிமாறப்படும் உணவு அன்று தெருவோரத்துப் பசியாற்றியது!

இனி உணவு மேசைக்கு வருவோம். ஈரத் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு உண்ணத் தொடங்க வேண்டும். குச்சி பழகாதவர் நாண வேண்டுவதில்லை. சுஷியைக் கையால் எடுத்து உண்பது முறையே. சோயா சாற்றில் சோற்றுப் பக்கத்தைத் தோய்த்தால் உதிர்ந்துவிடும். மீன் பக்கத்தையே தோய்க்க வேண்டும். ஊறவைத்த இஞ்சியை ஒரு மீனுக்கும் அடுத்த மீனுக்கும் இடையில் மெல்லுவர்; முன்னதன் சுவை நாவினின்று நீங்கும். பச்சை நிறத்து வசாபி கடுகின் குடும்பத்தது. துருவும்போது அதன் திசுக்கள் சிதைந்து, கடுகின் நெடியைத் தரும் அதே பொருள் உண்டாகிறது. நான் அளவு தெரியாமல் எடுத்துக் கண்ணீர் விட்டேன்.

அடுத்து வந்தது ஒரு தெளிந்த சாறு. ஒரு வாய் குடித்ததும் வீட்டு நினைவு வந்தது. காரணம் பிறகு விளங்கிற்று. அது கடற்பாசியும், புகையூட்டி உலர்த்திய சூரை மீனும் சேர்ந்த சாறு. கடற்பாசியின் சுவை குளுட்டமேட்டால் ஆவதென 1908இல் கிகுனே இகேடா கண்டார். உலர்ந்த சூரையின் சுவை இனோசினிக் அமிலத்தால் ஆவதென 1913இல் அவர் மாணவர் கொடாமா கண்டார். மினிக்காயிலும் மாலத்தீவிலும் சூரையை அவித்து, புகையூட்டி, உலர்த்தி மாசி செய்வர். ஜப்பானியர் சீவிப் போடுவதும், நாம் இடித்துச் சம்பலில் சேர்ப்பதும் ஓரினத்து மீனே!

"பச்சையாக உண்டால் நோய் வாராதா?" என்பது நண்பர்களின் தலையாய கேள்வி. கடல்மீன் சிலவற்றில் அனிசாகிஸ் என்னும் புழு உண்டு. சுழிக்குக் கீழ் 20 பாகை செல்சியசில் 7 நாள் உறையவைத்தால் அது மடியும். ஆனால் சூரையில் இன்னோர் இடர் உண்டு. அதன் தசையில் ஹிஸ்டிடின் மிகுதி. மீன் சூடேறினால் நுண்ணுயிர்கள் அதனை ஹிஸ்டமின் என்னும் நஞ்சாக மாற்றும். அந்நஞ்சு உண்டானபின் உறையவைத்தாலும் போகாது, கொதிக்கவைத்தாலும் போகாது. எனவே, "நன்றாக வெந்தது, அஞ்சவேண்டாம்" என்று சொல்வதும் பிழை. மீன் நல்லதா கெட்டதா என்பது அடுக்களையில் அன்று, படகிலேயே முடிவாகிவிடுகிறது.

மேலும், சூரை தன்னைச் சூழ்ந்த நீரைவிட உடற்சூடு மிகுந்த மீன். தூண்டிலில் சிக்கி நெடுநேரம் போராடினால் சூடு இன்னும் ஏறும்; அமிலம் பெருகித் தசை வெளிறும். ஆதலின் பிடித்தவுடன் மூளையில் குத்திக் கொன்று, குருதியை வடித்து, பனிக்கட்டியில் புதைப்பர். சுஷி உணவகத்தில் நாம் கொடுக்கும் விலையில் ஒரு பங்கு இந்தக் குளிருக்கும் கவனத்திற்குமே.

இதை நான் நூலில் மட்டும் படிக்கவில்லை. கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரை என் ஊர். என் சித்தப்பா கொச்சியிலிருந்து ஆழ்கடலுக்குச் சென்று, வாரக்கணக்கில் தங்கிச் சூரை பிடிப்பவர். ஒருமுறை கரை சேருமுன் பனிக்கட்டி தீர்ந்துவிட்டது. நல்ல விலைக்குப் போகவேண்டிய மீன் கருவாட்டு விலைக்குப் போயிற்று. அந்த ஆண்டு என் கல்லூரிக் கட்டணம் கடன் வாங்கியே கட்டப்பட்டது. சென்னையில் உண்டதைச் சொன்னபோது அவர் வியக்கவில்லை. "பிடிக்கிறது பாதி வேலதான் மக்கா, மீதி ஐஸில இருக்கு" என்றார். நான் ஈராண்டு படித்த உயிர்வேதியியலை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

நண்பர்களே! சந்தையில் வாங்கிய மீனை ஒருநாளும் பச்சையாக உண்டு பார்க்காதீர். அது அதற்கெனப் பேணப்பட்டதன்று. உயர்ந்த உணவகத்தில் உண்ணும் வாய்ப்பு நேர்ந்தால் அஞ்சாது உண்ணுங்கள். உண்ணும்போது அந்தச் சிவந்த துண்டைக் குளிர் குறையாமல் கரைசேர்த்த கைகளை ஒருகணம் எண்ணுங்கள். அறிவியல் பயிலும் நாம் செய்யத்தக்க பணியும் அங்கேதான் இருக்கிறது. படகில் பனிக்கட்டி நீடித்து நிற்க வழிகண்டால், அயலார் மேசையில் பொன்விலை பெறும் மீன் நம் கரையிலும் அதற்குரிய விலையைப் பெறும்.