மஞ்சளை உலர்த்தும் முறைகளும் தூளின் தரமும்

மகாராஷ்டிர மாநிலத்தின் புனே வருவாய்க் கோட்டத்தில் புனே, சதாரா, சாங்லி, சோலாப்பூர், கோலாப்பூர் ஆகிய ஐந்து மாவட்டங்கள் அடங்கும். இவற்றுள் கிருஷ்ணா நதிக் கரையில் அமைந்த சாங்லி, நாட்டின் முக்கிய மஞ்சள் சந்தைகளுள் ஒன்று. சாங்லி மஞ்சளுக்கு 2018ஆம் ஆண்டிலும் ஈரோட்டு மஞ்சளுக்கு 2019ஆம் ஆண்டிலும் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. இத்தகைய பெயர் மண்ணாலும் விதையாலும் மட்டும் வருவதன்று. அறுவடைக்குப் பின் களத்தில் நிகழும் இரண்டு வார வேலைக்கும் அதில் பெரும் பங்கு உண்டு. நிலத்தில் ஒன்பது மாதம் வளர்ந்த பயிரின் தரத்தை உலர்த்தும் பணி காக்கவும் கூடும், கெடுக்கவும் கூடும்.

நீரின் கணக்கு

பறித்தெடுத்த பச்சை மஞ்சளில் ஏறத்தாழ 80 விழுக்காடு நீர் உள்ளது. தூளாக அரைக்கவும் கெடாது சேமிக்கவும் இதனை 10 விழுக்காடு அளவுக்குக் குறைக்க வேண்டும். 100 கிலோ பச்சை மஞ்சளில் திடப்பொருள் 20 கிலோ எனக் கொண்டால், உலர்ந்த பின் கிடைப்பது சுமார் 22 கிலோவே. எஞ்சிய 78 கிலோ நீராவியாக வெளியேற வேண்டும்.

இந்த அளவு நீரை ஆவியாக்க, வெப்ப இழப்பு எதுவும் இல்லையெனினும், ஏறத்தாழ 52 யூனிட் மின்சாரத்துக்கு ஈடான வெப்பம் தேவை. வெப்பத்தில் பாதி வீணாகும் உலர்த்தியானால் தேவை இருமடங்காகும். விறகைப் பயன்படுத்தி, அதன் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்கு மட்டுமே பயன்பட்டால், 40 கிலோவுக்குக் குறையாத விறகு வேண்டும். அதாவது ஒரு கிலோ உலர் மஞ்சளுக்குச் சுமார் இரண்டு கிலோ விறகு. உலர்த்தும் முறையைத் தேர்ந்தெடுப்பதில் அடிப்படையான கேள்வி இதுவே: இந்த வெப்பத்தை எங்கிருந்து பெறுவது, அதற்கு யார் விலை கொடுப்பது?

வேகவைத்தலின் பயன்

உலர்த்துவதற்கு முன் மஞ்சளை நீரிலோ நீராவியிலோ வேகவைப்பது மரபு. அறுவடையான இரண்டு மூன்று நாட்களுக்குள் இதனைச் செய்வது நல்லது. வேகும்போது கிழங்கின் முளைக்கும் ஆற்றல் அழிகிறது; பச்சை வாடை நீங்குகிறது; மாவுச்சத்து இளகி, நிறம் கிழங்கு முழுவதும் சீராகப் பரவுகிறது; உலரும் காலமும் குறைகிறது. விரலி மஞ்சளையும் குண்டு மஞ்சளையும் தனித்தனியே வேகவைக்க வேண்டும். இரண்டையும் கலந்தால் ஒன்று குழைந்துவிடும். மற்றொன்று வேகாது நின்றுவிடும். இங்கு நேரும் பிழையைப் பின்னர் எந்த உலர்த்தியாலும் திருத்த இயலாது.

திறந்த வெயில்

வேகவைத்த மஞ்சளைக் களத்தில் ஐந்து முதல் ஏழு சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்பி, 10 முதல் 15 நாட்கள் வெயிலில் காயவைப்பது பரவலான முறை. இதனினும் மெல்லியதாகப் பரப்பினால் நிறம் மங்கும். மஞ்சளுக்கு நிறம் தரும் குர்க்குமின் என்னும் பொருள் ஒளியில் சிதையக் கூடியது என்பதே காரணம். இரவில் குவித்து மூடி வைப்பதும் அவசியம். நன்கு காய்ந்த விரலியை ஒடித்தால் உலோகத்தைத் தட்டியது போன்ற ஓசை எழும். இன்றும் பல களங்களில் இதுவே ஈரப்பதமானி.

வெயிலுக்கு விலை இல்லை என்பது உண்மை. ஆயினும் களம், கூலி, தார்ப்பாய், காத்திருக்கும் நாட்களுக்கான கடன் வட்டி ஆகியவை செலவே. தூசியும் பறவை எச்சமும் கலக்கும் வாய்ப்பும் உண்டு. எல்லாவற்றிலும் பெரியது மழை அபாயம். 2014ஆம் ஆண்டு பிப்ரவரி, மார்ச் மாதங்களில் மகாராஷ்டிரத்தைத் தாக்கிய ஆலங்கட்டி மழை, கோடையின் தொடக்கம் எப்போதும் வறண்டிருக்கும் என்ற நம்பிக்கை எவ்வளவு பலவீனமானது என்பதைக் காட்டியது. பாதி உலர்ந்த மஞ்சள் மீண்டும் நனைந்தால் நிறம் கருக்கும், பூஞ்சை பற்றும்.

சூரிய உலர்த்தியும் சூடான காற்றும்

கூடார வடிவச் சூரிய உலர்த்தி, வெயிலின் சிக்கனத்தையும் கூரையின் பாதுகாப்பையும் ஒருங்கே அளிக்கிறது. ஒரு சதுர மீட்டரில் நாளொன்றுக்கு ஆறு யூனிட் சூரிய ஆற்றல் விழுவதாகவும், அதில் 30 விழுக்காடு பயன்படுவதாகவும் கொண்டால், 100 கிலோ பச்சை மஞ்சளை ஐந்து சதுர மீட்டர் பரப்பில் ஏறத்தாழ ஆறு நாட்களில் உலர்த்தலாம். மேகமூட்டமான நாட்களில் இக்கணக்கு தவறும். துணை வெப்பத்துக்கு வழி வேண்டும்.

சூடான காற்றைச் செலுத்தும் எந்திர உலர்த்தியில் வெப்பநிலை 60 டிகிரி செல்சியசைத் தாண்டலாகாது. தாண்டினால் டர்மெரோன் முதலிய மணமுள்ள எண்ணெய்ப் பொருள்கள் மிகுதியாக வெளியேறும். மேற்புறம் இறுகி உள்ளே ஈரம் தங்கும். வெளியே காய்ந்தது போல் தோன்றும் இத்தகைய மஞ்சளே சேமிப்பில் முதலில் பூஞ்சை பிடிக்கும். மஞ்சளைச் சீவல்களாக நறுக்கி உலர்த்துவோருக்கு எந்திர உலர்த்தி தெளிவான நன்மை தருகிறது. சீவல்கள் வெயிலில் வெளுத்துவிடும். சூடான காற்றில் நிறம் பொலிவுடன் நிற்கும்.

உறைய வைத்து, வெற்றிடத்தில் பனிக்கட்டியை நேரே ஆவியாக்கும் உறை உலர்த்தல், வெப்பத்தால் கெடும் பொருள்களைக் காப்பதில் சிறந்தது. ஆனால் அதன் முதலீடும் மின்செலவும் மிக அதிகம். மருந்துக்கான உயர்விலைத் தூளுக்கு அது பொருந்தலாம். சமையலறைத் தூளுக்குப் பொருந்தாது.

இழப்பு மட்டுமன்று

உலர்த்தினால் சத்து குறையும் என்ற பொதுக் கருத்து முழு உண்மையன்று. இஞ்சி சுக்காகும்போது அதிலுள்ள ஜிஞ்சரால் ஓரளவு ஷோகாலாக மாறுகிறது; சுக்கின் தனிக் காரம் அதனால் பிறப்பது. பெரு நாட்டின் ஆண்டிஸ் மலைகளில், 4,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் விளையும் மக்கா என்னும் கிழங்கை, பகல் வெயிலிலும் இரவுப் பனியிலும் பல வாரங்கள் உலரவிடுவர். அதன் சிறப்புப் பொருளாகக் கருதப்படும் மக்காமைடுகள் பெரும்பாலும் அக்காலத்தில்தான் உருவாகின்றன. எனவே விரைவான முறையே சிறந்த முறை என்று எல்லாக் கிழங்குக்கும் ஒரே விதி வகுக்க இயலாது. எந்தப் பொருளுக்காகத் தூள் வாங்கப்படுகிறதோ, அதனைக் கொண்டே முறையை மதிப்பிட வேண்டும்.

மங்கிய நிறத்தின் விலை

வங்கதேசத்தில் 1980களில் பெருவெள்ளத்தால் மஞ்சள் நனைந்து நிறம் மங்கியபோது, பொலிவூட்டுவதற்காக ஈயக் குரோமேட் என்னும் மஞ்சள் நிறமியைப் பூசும் வழக்கம் பரவியதாக ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்டனர். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் நஞ்சு. அவ்வாண்டில் அந்நாட்டுச் சந்தை மாதிரிகளில் 47 விழுக்காட்டில் ஈயம் காணப்பட்டது. கண்காணிப்பும் விழிப்புணர்வும் தண்டனையும் ஒருசேரச் செயற்பட்டதால், 2021இல் அது பூச்சியமாகியது. இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகளும் இந்நிறமியைத் தடை செய்துள்ளன. மஞ்சள் தூளின் ஈரப்பதத்துக்கு 10 விழுக்காடு என வரம்பும் விதித்துள்ளன. சரியாக உலராத மஞ்சளின் குறையை மறைக்கும் முயற்சி எங்குக் கொண்டு விடும் என்பதற்கு இதனினும் கடுமையான எடுத்துக்காட்டு தேவையில்லை.

தேர்வு எவ்வாறு?

சொந்தக் களமும் நிலையான வெயிலும் உள்ள சிறு விவசாயிக்குத் திறந்த வெயிலே போதும். தூய களமும் தார்ப்பாயும் அவருக்கு முதல் தேவை. மழை அபாயம் மிக்க இடத்திலும், சொந்தமாகத் தூள் அரைத்து விற்கும் மகளிர் குழுவுக்கும் சூரிய உலர்த்தி ஏற்றது. ஆண்டு முழுவதும் இயங்கும் ஆலைக்கு எந்திர உலர்த்தி கட்டுப்படியாகும். மஞ்சள் பருவத்துக்குப் பின் பிற விளைபொருள்களையும் அதில் உலர்த்தினால் முதலீடு விரைவில் மீளும். 2020இல் தொடங்கப்பட்ட குறு உணவுப் பதப்படுத்தும் நிறுவனங்களுக்கான பிரதமரின் திட்டத்தில், முதலீட்டில் 35 விழுக்காடு வரை, 10 இலட்சம் ரூபாய் உச்சவரம்புடன், கடனோடு இணைந்த மானியத்துக்கு வகை செய்யப்பட்டது.

ஆயினும் மானியம் பாதி விடையே. எடையையும் கண்ணுக்குத் தெரியும் நிறத்தையும் மட்டுமே சந்தை மதிப்பிட்டால், மஞ்சளை 10 விழுக்காடு ஈரத்துக்கு உலர்த்தும் விவசாயி, 12 விழுக்காட்டில் நிறுத்துபவரைவிடக் குறைந்த எடைக்கே பணம் பெறுவார். மேலே கூறிய 100 கிலோவில் இந்த வேறுபாடு அரைக் கிலோ. நேர்மைக்கு விதிக்கப்படும் அபராதம் எனலாம் இதனை. ஏல மையங்களில் ஈரப்பதத்தையும் குர்க்குமின் அளவையும் சோதித்து, அதற்கேற்ப விலை வேறுபாடு வழங்கினால், நல்ல உலர்த்தியைத் தேடி விவசாயியே வருவார். 2025 ஜனவரியில் நிஜாமாபாத்தில் தொடங்கி வைக்கப்பட்ட தேசிய மஞ்சள் வாரியத்தின் முன் உள்ள பணிகளில் இது முதன்மை பெறத் தக்கது.