கார் வாங்க ஸ்டாம்பு ஒட்டினார்கள்!

வாரம் 5 மார்க் கொடுத்தால் ஒரு ஸ்டாம்பு. அதை அட்டையில் ஒட்ட வேண்டும். அட்டை நிறைந்தால் அடுத்த அட்டை. இப்படி 990 மார்க் சேர்ந்துவிட்டால் ஒரு புத்தம் புதுக் காருக்குச் சொந்தக்காரர் ஆகிவிடலாம்!

1938-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஜெர்மனியில் இப்படி ஒரு திட்டம் அறிவிக்கப்பட்டது. அறிவித்தவர் ராபர்ட் லே. ஹிட்லர் கட்சியின் "தொழிலாளர் முன்னணி"க்குத் தலைவர்.

அந்தக் காலத்தில் ஜெர்மனியிலும் கார் என்றால் பணக்காரர் சமாசாரம்தான். ஒரு சாதாரணத் தொழிலாளியின் வாரக் கூலி சுமார் 30 மார்க். அதில் 5 மார்க்கை எடுத்து வைப்பது லேசான காரியம் அல்ல. ஆனாலும் ஆசை யாரை விட்டது? அப்பா, அம்மா, மூன்று குழந்தைகள் உட்கார்ந்து போகும்படியான கார். அதை அமைத்தவர் பெர்டினாண்டு போர்ஷே என்ற பெயர் பெற்ற என்ஜினீயர். அதே ஆண்டு மே 26-ந் தேதி தொழிற்சாலைக்கு ஹிட்லரே அடிக்கல் நாட்டினார்.

மூன்று லட்சத்து 36 ஆயிரம் பேர் ஸ்டாம்பு வாங்கினார்கள்!

வட்டி கிடையாது

சேமிப்புக்கு வட்டி கிடையாது. நடுவில் பணத்தைத் திருப்பிக் கேட்க முடியாது. இன்சூரன்சுக்குத் தனியாக 200 மார்க். கார் எந்தத் தேதியில் கிடைக்கும் என்பதும் நிச்சயம் இல்லை. சீட்டுக் கட்டிப் பழகிய நம் வீட்டுப் பெண்களிடம் இதைச் சொன்னால், "இது என்ன சீட்டு?" என்று உடனே கேட்டிருப்பார்கள்.

ஜெர்மனியில் கேட்க ஆள் இல்லை. 1933-ம் ஆண்டு மே 2-ந் தேதியே தொழிற்சங்கங்களை ஹிட்லர் ஒழித்துவிட்டார். தலைவர்களைச் சிறையில் தள்ளினார். சங்கங்களின் கட்டிடங்களும் பணமும் லேயின் கைக்குப் போயின. கார் தொழிற்சாலை கட்டியதும் அந்தச் சொத்தை வைத்துத்தான்.

கடன் சீட்டு

ஹிட்லர் பதவிக்கு வந்தபோது சுமார் 60 லட்சம் பேர் வேலை இல்லாமல் இருந்தார்கள். சில ஆண்டுகளில் அந்தத் திண்டாட்டம் தீர்ந்தது. மக்கள் மகிழ்ந்தார்கள். ஆனால் வந்த வேலையில் பெரும்பகுதி என்ன வேலை? துப்பாக்கி, டாங்கி, விமானம்!

இதற்குப் பணம் எங்கிருந்து வந்தது? தந்திரத்தைக் கண்டுபிடித்தவர் ஷாக்ட். அரசாங்க பாங்கியின் தலைவர். எப்போதும் உயரமான கெட்டிக் காலர் அணிந்திருப்பார். மகா கெட்டிக்காரர்.

அவர் யோசனைப்படி ஒரு பெயரளவுக் கம்பெனி ஆரம்பிக்கப்பட்டது. அதன் முதல் வெறும் 10 லட்சம் மார்க். ஆயுதம் செய்து கொடுத்தவர்களுக்குப் பணத்துக்குப் பதில் இந்தக் கம்பெனியின் பெயரில் உண்டியல் எழுதிக் கொடுத்தார்கள். "பிறகு பணம் தருகிறோம்" என்ற கடன் சீட்டுதான் அது. அரசாங்க பாங்கி அதற்குப் பொறுப்பு ஏற்றது. கணக்கில் கடன் வெளியே தெரியாது. வெளிநாட்டாருக்கும் ஆயுதச் செலவு புரியாது.

1934 முதல் 1938 வரை இப்படி எழுதிய சீட்டுகளின் மதிப்பு சுமார் 1,200 கோடி மார்க்!

வெண்ணெயா, பீரங்கியா?

பீரங்கி செய்ய இரும்பு வேண்டும். எண்ணெய் வேண்டும், ரப்பர் வேண்டும். இவற்றில் பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்துதான் வர வேண்டும். அதற்குக் கொடுக்கத் தங்கம் இல்லை. இரும்பு வாங்கினால் வெண்ணெய் வாங்கப் பணம் இல்லை. பீரங்கி நம்மைப் பலசாலி ஆக்கும், வெண்ணெய் கொழுப்பைத்தான் ஏற்றும் என்று மேடையில் பேசினார் மந்திரி கோரிங். (அவர் உடம்பைப் பார்த்தவர்கள் சிரித்திருப்பார்கள்!)

1936-ம் ஆண்டு ஆகஸ்டில் ஹிட்லர் ஒரு ரகசியக் குறிப்பு எழுதினார். நான்கு ஆண்டுகளில் ராணுவமும் தொழில்களும் போருக்குத் தயாராகிவிட வேண்டும் என்பது அதில் கண்ட கட்டளை. அதாவது 1940. ஸ்டாம்பு ஒட்டிய தொழிலாளிக்கு இது தெரியாது. வாரம் தவறாமல் ஒட்டினாலும் அவர் கணக்கு முடிவது 1942-ல்தான்.

அயல் வீட்டுத் தங்கம்

1938 மார்ச் மாதம் ஹிட்லரின் படை ஆஸ்திரியாவுக்குள் புகுந்தது. அந்த நாட்டுப் பாங்கியில் இருந்த தங்கம் பெர்லினுக்குப் போயிற்று. நவம்பரில் யூதர்களின் கடைகளையும் கோயில்களையும் நாஜிகள் நொறுக்கினார்கள். அடிபட்ட யூதர்களுக்கே 100 கோடி மார்க் அபராதமும் போட்டார்கள்! அதுவும் கஜானாவுக்குத்தான். 1939 மார்ச்சில் செக் நாட்டின் தலைநகர் பிராக் வீழ்ந்தது. அதன் தங்கமும் போயிற்று. ஆயுதத் தொழிற்சாலைகளும் போயின.

கடன் சீட்டுக்குத் தவணை வந்துவிட்டது. செலவைக் குறைக்க வேண்டும் என்று 1939 ஜனவரியில் ஷாக்டும் அவரது சகாக்களும் ஹிட்லருக்கு எழுதினார்கள். பதில் என்ன? ஷாக்டின் வேலை போயிற்று! ஆயுதத்துக்கு வழி காட்டிய மனிதருக்கு இவ்வளவு தாமதமாகக் கவலை வந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

செப்டம்பர் 1-ந் தேதி போலந்து மீது படையெடுப்பு. உலகப் போர் மூண்டது.

கார் எங்கே?

கார் தொழிற்சாலை ராணுவ வண்டிகள் செய்தது. போர்க் கைதிகளும், பிற நாடுகளிலிருந்து இழுத்து வரப்பட்டவர்களும், சித்திரவதை முகாம்களில் இருந்தவர்களும் அங்கே வேலை வாங்கப்பட்டார்கள். போர்க் காலத்தில் செய்த சில நூறு கார்கள் பெரிய அதிகாரிகளுக்குப் போயின.

ஆச்சரியம் என்னவென்றால், குண்டு விழுந்துகொண்டிருந்தபோதும் பலர் ஸ்டாம்பு ஒட்டிக்கொண்டுதான் இருந்தார்கள்! சேர்ந்த பணம் சுமார் 28 கோடி மார்க். பெர்லின் பாங்கியில் இருந்த அதை 1945-ல் ரஷ்யர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஸ்டாம்பு ஒட்டியவர்களில் ஒருவருக்குக்கூடக் கார் கிடைக்கவில்லை.

போருக்குப் பிறகு அதே தொழிற்சாலை அதே காரை லட்சக்கணக்கில் செய்து விற்றது. அதுதான் போக்ஸ்வாகன். பழைய அட்டைகளைப் பத்திரமாக வைத்திருந்தவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். வழக்கு பல ஆண்டு நடந்தது. 1961-ல் சமரசம் ஏற்பட்டது. புதுக் கார் வாங்கினால் விலையில் 600 மார்க் வரை தள்ளுபடி. கார் வேண்டாம் என்றால் கையில் 100 மார்க்.