ஏரியின் ஆழம் நம் கையில்: பரிசலில் கழற்றி மாட்டும் மீன்காட்டி

"ஆழம் தெரியாமல் காலை விடாதே" என்பார்கள் பெரியவர்கள். இன்றைக்கு நம் ஊர் ஏரியின் ஆழமே நமக்குத் தெரியாது. கேட்டுப் பாருங்கள். "அப்பா காலத்துல ரெண்டு ஆள் ஆழம் இருந்துச்சு" என்பார்கள். இப்போ எவ்வளவு? பதில் இருக்காது. ஐப்பசி மழையில் ஏரி நிறைந்து கலிங்கு வழிகிறது. நமக்கும் மனசு நிறைகிறது. தை பிறந்ததும் கடைசித் தண்ணிக்கு மடையில் நீர் இல்லை. மேலே பார்த்தால் ஏரி, அடியில் பாதி வண்டல்.

இந்த அடியைப் பார்க்க ஒரு கருவி இருக்கிறது. அது உழவனுக்காகச் செய்யப்பட்டதல்ல, மீன்பிடிப்பவர்களுக்காகச் செய்யப்பட்டது. நம் கடற்கரையில் எக்கோ சவுண்டர் என்பார்கள், கடையில் ஃபிஷ் ஃபைண்டர் என்று கேட்டால் கிடைக்கும். நாம் மீன்காட்டி என்றே சொல்லுவோம். "ஏன்யா, உழவனுக்கு எதுக்கு மீன்காட்டி?" என்று தோன்றலாம். அது முதலில் காட்டுவது ஆழத்தை. மீன் பிறகுதான்.

சத்தம் போட்டு ஆழம் பார்ப்பது

கிணற்றுக்குள் குரல் கொடுத்தால் எதிரொலி திரும்புகிறது அல்லவா? அதே சங்கதிதான். தண்ணீருக்குள் அமிழ்ந்திருக்கும் உணரி, நம் காதுக்குக் கேட்காத ஒலியைக் கீழ்நோக்கி அனுப்புகிறது. தண்ணீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் ஓடும். மூன்று மீட்டர் ஆழத்தில் தரை இருந்தால், போய்த் திரும்ப ஆறு மீட்டர். அதற்கு ஒரு நொடியை ஆயிரமாகப் பங்கிட்டால் நான்கு பங்கு நேரம். கருவி அந்த நேரத்தை அளந்து ஆழமாக மாற்றித் திரையில் காட்டிவிடும்.

1912ஆம் ஆண்டு டைட்டானிக் கப்பல் பனிப்பாறையில் மோதி மூழ்கிய பிறகு, கப்பல்களைக் காக்க வழி தேடியவர்களில் ஒருவர் ஜெர்மனியின் அலெக்சாண்டர் பெம். எதிரொலியால் கடலின் ஆழம் அளக்கும் முறைக்கு 1913இல் அவர் காப்புரிமை பெற்றார். ஜப்பானின் ஃபுருனோ சகோதரர்கள் 1948இல் அதை மீன் தேடும் கருவியாக்கி விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். மீனின் வயிற்றுக்குள் இருக்கும் காற்றுப்பைதான் ஒலியை நன்றாகத் திருப்பி அனுப்புகிறது. இன்று அந்தக் கருவி உள்ளங்கை அகலத்துக்கு வந்துவிட்டது.

வெளிநாடுகளில் கயாக் என்னும் ஒற்றை ஆள் படகில் தூண்டில் போடுகிறவர்கள், இந்தக் கருவிக்கு வீட்டிலேயே தாங்கி செய்துகொள்கிறார்கள். படகில் துளை போடக்கூடாது, வேலை முடிந்ததும் கழற்றிவிட வேண்டும் என்பதுதான் அவர்களுடைய கணக்கு. நமக்கும் அதேதான். காவிரியில் நம்மிடம் இருப்பது பரிசல். மூங்கில் பின்னலின் மேல் பிளாஸ்டிக் சாக்கைப் போர்த்தித் தார் பூசியது. அதில் ஆணி இறங்கினால் கதை முடிந்தது. கரையேறியதும் கவிழ்த்துத் தலைக்குமேல் தூக்கிப்போகிற பொருளில், நிரந்தரமாக எதையும் பொருத்தவும் முடியாது. கழற்றி மாட்டும் தாங்கி என்றால் ஒரே கருவியை நாலு பரிசலுக்கும், நாலு ஊருக்கும் பயன்படுத்தலாம். பல ஆயிரம் ரூபாய் போகும் பொருளை ஒரு குடும்பம் தனியாக வாங்க வேண்டியதில்லை. உழவர் குழு ஒன்று வாங்கினால் போதும்.

செய்முறை

தேவையானவை: ஓர் அங்குலக் கனத்தில் வேப்பம்பலகை, தச்சர்கள் பலகையை இறுக்கும் ஆறு அங்குல ஜி-கிளாம்ப் இரண்டு, முக்கால் அங்குல பிவிசி குழாய் மூன்று அடி, பழைய சைக்கிள் டியூப், துருப்பிடிக்காத போல்ட்டு நட்டு சில.

முதலில் பரிசல் விளிம்பின் கனத்தை அளந்துகொள்ளுங்கள். ஊருக்கு ஊர் மாறும். 14 அங்குல நீளம், 6 அங்குல அகலத்தில் ஒரு பலகையை வெளிப்பக்கத்துக்கு வெட்டுங்கள். அதன் மேல்விளிம்பின் நடுவில், 8 அங்குலப் பலகை ஒன்றைப் படுக்கைவாக்கில் திருகாணியால் முடுக்குங்கள். இப்போது இது விளிம்பின் மேல் சேணம் மாதிரி உட்காரும். விளிம்பின் உள்பக்கம் ஒரு சிறு மரத்துண்டு. விளிம்பைத் தொடும் இடமெல்லாம் சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டிவிடுங்கள். வெளிப்பலகையின் இரு ஓரங்களிலும் ஜி-கிளாம்ப் போட்டு இறுக்கினால் ஆடாது. தாரும் உரியாது, துளையும் இல்லை.

அடுத்து குழாய். அதன் ஒரு முனையை இரண்டு அங்குலத்துக்குச் சூடு காட்டி, இளகியதும் இரண்டு பலகைக்கு நடுவில் வைத்து அழுத்துங்கள். தட்டையாகிவிடும். நேராகத் தீயில் கருக்க வேண்டாம், அந்தப் புகை ஆகாது. தட்டையான பகுதியில் துளையிட்டு, உணரியோடு வரும் பிடியைப் பொருத்துங்கள். உணரியின் முகம் நேர்கீழே பார்க்க வேண்டும். சாய்ந்திருந்தால் ஆழம் கூடுதலாகக் காட்டும்.

குழாயை வெளிப்பலகையில் ஒரே ஒரு போல்ட்டால் மாட்டுங்கள். கடிகாரப் பெண்டுலம் போல ஆட வேண்டும். அதைச் செங்குத்தாக நிறுத்தி வைக்க, கீழே பலகையின் இரு பக்கமும் கொக்கி அடித்து, சைக்கிள் டியூப் பட்டை ஒன்றைக் குறுக்கே இழுத்து மாட்டினால் போதும். பாறையிலோ கருவேல முட்டிலோ குழாய் இடித்தால், பட்டை விட்டுக்கொடுத்துக் குழாய் பின்னால் தூக்கிக்கொள்ளும். இறுக்கி முடுக்கியிருந்தால் உணரி உடைந்துபோகும்.

உணரி தண்ணீருக்குள் ஒரு சாண் இறங்கியிருக்கட்டும். துடுப்பு போடுகிறவர் முன்பக்கம் உட்காருவார். தாங்கியைப் பக்கவாட்டில், சற்றுப் பின்தள்ளி மாட்டுங்கள். துடுப்பு கிளப்பும் காற்றுக்குமிழி உணரிக்கு அடியில் போனால் திரை முழுக்கப் பொரியாகத்தான் தெரியும். இரண்டாவது ஆள் எதிர்ப்புறம் சற்று ஒதுங்கி உட்கார்ந்து, திரையைப் பார்த்து நோட்டில் எழுதலாம். பரிசல் சுற்றுகிறதே என்று கவலை வேண்டாம். உணரி கீழ்நோக்கித்தான் பார்க்கிறது.

திரையை மேல்பலகையில் பொருத்துங்கள். ஒயரைக் குழாயோடு டியூப் துண்டால் கட்டுங்கள். மிச்ச ஒயரைச் சுருட்டி வையுங்கள், வெட்டிவிடாதீர்கள். மின்சாரத்துக்குத் தனியாக எதுவும் வாங்க வேண்டாம். முதுகில் மாட்டும் பேட்டரி ஸ்ப்ரேயரில் இருக்கும் 12 வோல்ட் பேட்டரியே போதும். பஞ்சகவ்யம் தெளிக்காத நாளில் அது ஏரி அளக்கட்டும். மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பாவுக்குள் பேட்டரியை வைத்து, சிவப்பு ஒயரில் பேட்டரிக்கு அருகிலேயே 3 ஆம்பியர் ஃபியூஸ் போடுங்கள். சிறிய கருவி என்றால் ஒரு பகல் தாங்கும்.

கடைசியாக, சேணத்திலிருந்து பரிசல் விளிம்புக்கு ஒரு கயிறு, அதில் ஒரு காலித் தண்ணீர் பாட்டில். கிளாம்ப் நழுவினாலும் கருவி அடியில் போய்ச் சேராது.

கண்ணாடி நாரிழைப் பரிசல் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் சுலபம். நுரை அடைக்காத ஒற்றைத் தரையாக இருந்தால் உள்ளிருந்தே ஒலி ஊடுருவும். தரையில் ஒரு சிறு கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி, அதற்குள் உணரியை வைத்தால் வேலை செய்யும். இடையில் காற்று மட்டும் இருக்கக்கூடாது. மூங்கில் பரிசலில் இது நடக்காது.

அளப்பது எப்படி?

கருவி காட்டுவது உணரிக்குக் கீழே உள்ள ஆழம். உணரி 20 சென்டிமீட்டர் அமிழ்ந்திருந்தால், ஒவ்வோர் அளவிலும் 20 சேர்த்துக்கொள்ள வேண்டும். முழங்கால், இடுப்பளவு நீரில் கருவி தடுமாறும். அங்கே பழைய கழிதான் சரி.

கழியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதற்கு இன்னொரு பெரிய வேலை இருக்கிறது. கருவியின் ஒலி பெரும்பாலும் வண்டலின் மேல்முகத்திலேயே பட்டுத் திரும்பிவிடும். அடியில் கெட்டித் தரை எங்கே என்று அது சொல்லாது. அதே இடத்தில் அளவு குறித்த கழியைக் கெட்டித் தரை தட்டும்வரை குத்துங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் வண்டலின் கனம்.

ஒரு கணக்கு போடுவோம். ஒரு ஏக்கர் குளம், அதாவது 4,047 சதுர மீட்டர். கரைக்குக் கரை கயிறு கட்டி, ஐந்து மீட்டருக்கு ஓர் அளவு எடுக்கிறோம். சராசரியாகக் கருவி சொல்வது 1.5 மீட்டர், கழி சொல்வது 2.1 மீட்டர். வண்டல் 60 சென்டிமீட்டர். 4,047ஐ 0.6ஆல் பெருக்கினால் சுமார் 2,428 கன மீட்டர். 24 லட்சம் லிட்டர் தண்ணீர் நிற்க வேண்டிய இடத்தில் வண்டல் நிற்கிறது. நம் ஊர்க் கணக்கில், 100 கன அடி ஒரு யூனிட் என்றால், ஏறக்குறைய 857 யூனிட். வயலுக்குப் போனால் அத்தனையும் சத்து. அனுமதி பெற்று ஏரி வண்டலை விவசாயிகள் இலவசமாக எடுத்துக்கொள்ள அரசு வழி வைத்திருக்கிறது. எவ்வளவு எடுக்கலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்பதை நம் நோட்டே சொல்லும். யாராவது வண்டல் என்ற பெயரில் கெட்டித் தரைக்குக் கீழேயும் தோண்டினால், அதையும் இந்த நோட்டு காட்டிக்கொடுக்கும்.

பெரிய ஏரியில் கயிறு எட்டாது. அங்கே கடலோர மீனவர்களின் வழி உதவும். கரையில் தெரியும் இரண்டு அடையாளங்கள் ஒரே நேர்கோட்டில் வரும் இடம் ஒன்று, வேறு திசையில் அதேபோல் இன்னொன்று. இரண்டு கோடும் வெட்டும் புள்ளிதான் நம் இடம். திருச்சிக்காரர்களுக்கு அடையாளத்துக்கா பஞ்சம்? ஒரு பக்கம் மலைக்கோட்டை, ஒரு பக்கம் 236 அடி உயர ஸ்ரீரங்கம் ராஜகோபுரம். அடுத்த வருஷம் அதே புள்ளிக்குத் திரும்பி வந்து அளக்கலாம்.

ஆற்றுக்கு வருவோம்

முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. தெற்கே காவிரி, வடக்கே கொள்ளிடம், நடுவில் ஸ்ரீரங்கம் தீவு. மேலணை 1836இல் ஆர்தர் காட்டன் காலத்தில் கட்டியது. 2018 ஆகஸ்ட் 22ஆம் தேதி இரவு, கொள்ளிடம் பக்கத்து ஒன்பது மதகுகள் வெள்ளத்தில் போயின. ஸ்ரீரங்கத்தையும் நம்பர் ஒன் டோல்கேட்டையும் இணைத்த பழைய கொள்ளிடம் இரும்புப் பாலத்தின் தூண்களும் அதே மாதம் சரிந்தன. படுகையில் மணல் அள்ளியதால்தான் இந்தக் கதி என்று உழவர் அமைப்புகள் அப்போதே குரல் கொடுத்தன.

படுகை தாழ்ந்தால் பாலம் மட்டும் போவதில்லை. வாய்க்காலின் தலைப்பு இருந்த மட்டத்திலேயே இருக்கும், ஆறு மட்டும் கீழே இறங்கிவிடும். ஆற்றில் தண்ணீர் ஓடியும் வாய்க்காலில் ஏறாது. பெட்டவாய்த்தலையில் பிரிந்து, திருச்சி நகரைக் கடந்து, வாழவந்தான்கோட்டை ஏரிக்குப் போகும் உய்யக்கொண்டானானாலும் சரி, எந்த வாய்க்காலானாலும் சரி, விதி ஒன்றுதான். மணல் எடுத்த குழிகள் தண்ணீர் வந்ததும் கசமாகிவிடுகின்றன. மேலே பார்த்தால் எல்லாம் ஒரே மட்டம். ஆடிப்பெருக்குக்குக் குளிக்க இறங்குகிற பிள்ளைக்கு அடுத்த அடியில் இரண்டு ஆள் ஆழம் இருப்பது தெரியாது. நீர் அடங்கிய நாளில் நம் படித்துறைக்கு முன்னால் ஒரு முறை அளந்து, ஆபத்தான இடத்தில் கொடி நட்டால் ஓர் உயிராவது தப்பும்.

சில எச்சரிக்கைகள். மேட்டூரில் தண்ணீர் கூடுதலாகத் திறந்திருக்கும் நாளில் பரிசலை இறக்கவே கூடாது. அணை, கதவணைகளுக்கு அருகே போகக்கூடாது. பரிசல் ஓட்டத் தெரிந்தவர் கட்டாயம் வேண்டும், இருவருக்கும் மிதவைச் சட்டை வேண்டும். ஏரியானாலும் ஆறானாலும் அதைப் பராமரிக்கும் துறைக்கும் ஊராட்சிக்கும் சொல்லிவிட்டு இறங்குங்கள்.

மீன் விஷயத்துக்கு வருகிறேன். ஆழம் குறைந்த குளத்தில் இந்தக் கருவியை நம்பி மீன் தேட வேண்டாம். ஒலி கூம்பாக விரிகிறது. வழக்கமான உணரிக்கு மூன்று மீட்டர் ஆழத்தில் தெரிவது ஒரு மீட்டர் வட்டம்தான். ஆகாயத்தாமரை வேர், சேற்றிலிருந்து கிளம்பும் குமிழி எல்லாம் கெண்டை மாதிரியே தெரியும். கசத்தில் கோடையைக் கழிக்கும் தாய்மீன்களைக் கருவி காட்டினாலும் விட்டுவிடுங்கள். அடுத்த மழைக்கு முட்டையிட்டு ஏரியை நிரப்பப் போவது அவைதான்.

அளக்க ஏற்ற காலம் மார்கழி, தை. மழை ஓய்ந்து, நீர் தெளிந்து, ஏரி ஓரளவு நிறைந்திருக்கும். சித்திரை, வைகாசியில் தூர்வார வேண்டும் என்றால் அதற்கு முன்பே அளவு கையில் இருக்க வேண்டும். ஜனவரி 26 கிராமசபையில், "ஏரி தூர்ந்துபோச்சு" என்று பொதுவாகச் சொன்னால் மனு வாங்கி வைத்துக்கொள்வார்கள். "கலிங்கிலிருந்து நடுமடை வரை இத்தனை இடத்தில் அளந்தோம், சராசரியாக இவ்வளவு வண்டல், இத்தனை யூனிட்" என்று நோட்டை நீட்டித் தீர்மானத்தில் ஏற்றச் சொல்லுங்கள். தூர்வாரி முடித்ததாக யாராவது பில் போடும்போது, அடுத்த தையில் அதே பரிசலை அதே புள்ளிகளுக்குக் கொண்டுபோய் மறுபடி அளக்கலாம்.