எடைக்கருவியின் முன் மருத்துவரும் நாமும்

முழங்கால் வலியென்று ஒருவர் மருத்துவரிடம் செல்கிறார். மருத்துவர் காலை மடக்கியும் நீட்டியும் பார்க்கிறார். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்து நோக்குகிறார். மூட்டு தேயத் தொடங்கியிருக்கிறது. மாத்திரை எழுதுகிறார். வெளியே காத்திருப்போரின் வரிசை நினைவுக்கு வர, எழும் நேரத்தில் ஒன்றைச் சொல்கிறார்: "எடையைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்."

நம்மில் பலர் கேட்டுப் பழகிய வாக்கியம் இது. அது உண்மையும்கூட. உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால், நாம் எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடியிலும் முழங்கால் மீது விழும் சுமை ஏறத்தாழ நான்கு கிலோ குறைகிறது என ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் மருத்துவத்தில் வேறு எந்தச் சிகிச்சையும் இப்படி வழங்கப்படுவதில்லை. சர்க்கரைக்கு மாத்திரை எழுதினால் அளவு உண்டு, வேளை உண்டு, மீண்டும் வரவேண்டிய தேதி உண்டு. எடைக்கு மட்டும் "கொஞ்சம்" என்பதே அளவாக நின்றுவிடுகிறது. இதற்கு மருத்துவரைக் குறை கூறிவிடுவது எளிது. அவர் தரப்பில் உள்ள இடர்ப்பாடுகளைச் சற்று நெருங்கிப் பார்ப்போம்.

முதல் இடர்ப்பாடு பேச்சில் தொடங்குகிறது. நம் வீடுகளில் "பூசினாற்போல் இருக்கிறாள்" என்பது பாராட்டு. "இளைத்துவிட்டாயே, உடம்புக்கு என்ன?" என்பது கவலை. பசியையும் பஞ்சத்தையும் கண்ட தலைமுறைகள் விட்டுச்சென்ற அளவுகோல் அது. அந்த அளவுகோலுடன் வருபவரிடம் "உங்கள் எடை ஒரு நோய்" என்று சொன்னால் அவர் நம்பமாட்டார். மாறாக, பள்ளி நாள் முதல் கேலிப் பெயர்களைச் சுமந்து வந்தவரிடம் அதே சொல்லைச் சொன்னால், அது இன்னொரு கேலியாகவே காதில் விழும். அவர் அடுத்த முறை வரமாட்டார். மார்பில் கட்டி தோன்றினாலும், மூச்சு இரைத்தாலும், "முதலில் எடையைக் குறை என்பார்கள்" என்றெண்ணி நாளைக் கடத்துவோர் உண்டு. எந்த வலியோடு வந்தாலும் எடையையே காரணமாகச் சொல்லி, உண்மையான காரணத்தைத் தேடாமல் விடும் மருத்துவர்களும் உண்டு என்பதை இங்கே மறைக்க வேண்டியதில்லை. சொன்னாலும் பழுது, சொல்லாவிட்டாலும் பழுது என்ற நிலையில் பலர் சொல்லாமல் இருப்பதையே தேர்கின்றனர்.

அடுத்தது அளவிடுதல். கிலோவில் எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது உடல் நிறைக் குறியீட்டெண், அதாவது பி.எம்.ஐ. இதன் வாய்பாட்டை 19ஆம் நூற்றாண்டில் உருவாக்கிய பெல்ஜிய நாட்டுக் கெட்லே ஒரு மருத்துவர் அல்லர். கணித, வானியல் அறிஞர். மக்கள் கூட்டத்தின் சராசரியை அறியவே அவர் அதைக் கையாண்டார். உலக அளவில் 25க்கு மேல் அதிக எடை, 30க்கு மேல் உடற்பருமன் என்பது வழக்கம். இந்தியர்களுக்கு 23ஐயும் 25ஐயும் வரம்பாகக் கொள்ளவேண்டும் என்று நம் நாட்டு வல்லுநர்கள் 2009இல் பரிந்துரைத்தனர். 165 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒருவருக்கு 68 கிலோ என்பது, ஒரு கணக்கில் அதிக எடையின் வாசல். இன்னொரு கணக்கில் உடற்பருமனின் வாசல்.

ஏன் இந்த வேறுபாடு? புணே நகர மருத்துவர் யாஜ்னிக், பிரிட்டிஷ் மருத்துவர் யுட்கின் ஆகிய இருவரின் படம் 2004இல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்து புகழ்பெற்றது. இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3. ஆனால் யுட்கினின் உடலில் கொழுப்பு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்கின் உடலில் 21.2 விழுக்காடு. ஒல்லியாகத் தோன்றும் உடலிலும் கொழுப்பு வயிற்றைச் சுற்றிக் குவிந்திருக்கலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. ஆகவேதான் இடுப்பைச் சுற்றி அளக்கும் நாடா, எடைக்கருவியைவிட அதிகம் சொல்கிறது. ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் நமக்குரிய வரம்புகள். பல மருத்துவமனைகளில் எடைக்கருவி இருக்கிறது, நாடா இருப்பதில்லை.

நாட்டின் நிலையை ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வு காட்டுகிறது. 2019–21இல் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 24 விழுக்காட்டினரும் ஆண்களில் 22.9 விழுக்காட்டினரும் பி.எம்.ஐ. 25ஐ எட்டியோ தாண்டியோ இருந்தனர். நகர்ப்புறப் பெண்களில் மூன்றில் ஒருவர். நாள் முழுதும் நாற்காலியில் அமர்ந்து இந்த இதழைத் தயாரிக்கும் நாமும் இந்தக் கணக்குக்கு வெளியே இல்லை.

எடை கூடியது தெரிந்துவிட்டது. இனி குறைக்கவேண்டியதுதானே என்போம். மருத்துவர் எதிர்கொள்ளும் உண்மையான எதிரி இங்கேதான் இருக்கிறது. அது நோயாளியின் சோம்பல் அன்று, உடலின் தற்காப்பு. 1994இல் கண்டறியப்பட்ட லெப்டின் என்னும் ஹார்மோன் கொழுப்புத் திசுவிலிருந்து சுரந்து, இருப்பு போதுமா இல்லையா என்று மூளைக்குத் தெரிவிக்கிறது. எடை குறையும்போது லெப்டின் குறைகிறது. பசியைத் தூண்டும் கிரெலின் கூடுகிறது. உடல் தான் செலவிடும் ஆற்றலையும் சுருக்கிக்கொள்கிறது. கணக்கில் இருப்பு குறைந்ததும் செலவை இறுக்கிப் பிடிக்கும் சிக்கனக் குடும்பத்தலைவியைப் போன்றது அதன் போக்கு. அமெரிக்கத் தொலைக்காட்சியில் எடைக் குறைப்புப் போட்டியில் பங்கேற்ற 14 பேரை ஆறு ஆண்டுகள் கழித்து ஆய்ந்தபோது, பெரும்பாலோர் இழந்த எடையில் பெரும் பகுதியை மீண்டும் பெற்றிருந்தனர். அவர்களுடைய உடல்கள் ஓய்வு நிலையில் செலவிடும் ஆற்றல், எதிர்பார்க்கத்தக்க அளவைவிட நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 கலோரி குறைவாகவே இருந்தது. இந்த ஆய்வு 2016இல் வெளியானது. இதை அறிந்த மருத்துவர் "மன உறுதி வேண்டும்" என்று மட்டும் சொல்லி நிறுத்தமாட்டார். அறிந்தாலும், அதை விளக்கிச் சொல்ல அவருக்குக் கிடைப்பது ஐந்து நிமிடமோ பத்து நிமிடமோதான்.

அவர் எழுதித் தரும் மருந்தே எடையைக் கூட்டுவதும் உண்டு. இன்சுலினும் சில சர்க்கரை மாத்திரைகளும், ஸ்டீராய்டுகளும், மனநலத்துக்கும் வலிப்புக்கும் தரப்படும் சில மருந்துகளும் இப்பட்டியலில் அடங்கும். அவற்றை நிறுத்தினால் நோய் முற்றும். தொடர்ந்தால் எடை ஏறும். மாற்று மருந்து உள்ளதா என்று நாமே கேட்பதில் தவறில்லை. தானாக நிறுத்திவிடுவதுதான் ஆபத்து.

இனிக் கருவிகளுக்கு வருவோம். மருத்துவமனைக் கருவிகளில் பெரும்பாலானவை ஒரு சராசரி உடலை எண்ணிச் செய்யப்பட்டவை. இரத்த அழுத்தம் பார்க்கக் கையில் சுற்றும் பட்டையை எடுத்துக்கொள்வோம். பருத்த கையில் சிறிய பட்டையைச் சுற்றினால், இல்லாத அழுத்தத்தை அது காட்டும். மிகப் பெரிய பட்டை தேவைப்பட்டோருக்கு வழக்கமான பட்டையைச் சுற்றி அளந்த ஓர் ஆய்வில், மேல் அழுத்தம் சராசரியாக 19.5 புள்ளி கூடுதலாகப் பதிவாயிற்று. இந்த ஆய்வு 2023இல் வெளிவந்தது. 125 உள்ளவருக்கு 144 எனத் தெரிந்தால், தேவையற்ற மாத்திரை ஆயுள் முழுதும் தொடரக்கூடும். கை பருத்திருப்போர் "பெரிய பட்டை இருக்கிறதா?" என்று கேட்பது நல்லது.

அல்ட்ராசவுண்ட் ஒலியலைகள் கொழுப்பு அடுக்கைக் கடக்கும்போது வலுவிழப்பதால் படம் மங்குகிறது. கருவில் உள்ள குழந்தையின் இதயத்தை ஆராயும் மருத்துவருக்கு இது சிறு தொல்லையன்று. எம்.ஆர்.ஐ. கருவியின் குழல் வழக்கமாக 60 சென்டிமீட்டர் அகலம், புதியவற்றில் 70. சி.டி. ஸ்கேன் மேசைக்கும் தாங்கும் எடைக்கு ஓர் எல்லை உண்டு. பக்கவாதத்துடன் வந்தவரை மேசை தாங்காது என்று வேறு ஊருக்கு அனுப்ப நேர்ந்தால், இழக்கப்படும் ஒவ்வொரு நிமிடமும் மூளைக்கே இழப்பு.

மயக்கவியல் மருத்துவரின் பாடு இன்னும் கடினம். மல்லாந்து படுத்ததும் வயிற்றுக் கொழுப்பு உதரவிதானத்தை மேலே தள்ளுகிறது. நுரையீரலில் ஆக்சிஜன் இருப்பு குறைகிறது. மயக்க மருந்து செலுத்திச் சுவாசம் நின்ற கணத்திலிருந்து குழாய் பொருத்தும் வரை கிடைக்கும் அவகாசம், மற்றவர்க்குக் கிடைப்பதைவிடக் குறுகியது. அதனால் தலைப்பக்கத்தை உயர்த்திச் சரிவாகப் படுக்க வைக்கிறார்கள். மருந்தின் அளவிலும் குழப்பம் உண்டு: சில மருந்துகளை முழு எடைக்கேற்பவும், சிலவற்றைக் கொழுப்பு நீங்கிய எடைக்கேற்பவும் கணக்கிடவேண்டும். நரம்பு தேடி ஊசி போடுவதற்கே அல்ட்ராசவுண்ட் தேவைப்படலாம். இவற்றோடு குறட்டையும் சேர்கிறது. "அசந்து தூங்குகிறார்" என்று நாம் வீட்டில் மகிழும் குறட்டை, உறக்கத்தில் மூச்சு தடைப்படும் நோயின் அடையாளமாக இருக்கலாம். அறுவை சிகிச்சைக்கு முன் அதை மருத்துவரிடம் சொல்லாமல் விடுவது, அவர் கண்ணைக் கட்டிவிடுவதற்கு ஒப்பாகும்.

மருந்துகளைப் பற்றிய பேச்சு இப்போது எங்கும் கேட்கிறது. வாரம் ஒரு முறை போட்டுக்கொள்ளும் டிர்செப்படைடு ஊசி 2025 மார்ச் மாதம் இந்தியாவுக்கு வந்தது; எடைக் குறைப்புக்கான செமாகுளூட்டைடு அதே ஆண்டு ஜூன் மாதம் வந்தது. பெரிய ஆய்வுகளில் செமாகுளூட்டைடு 68 வாரங்களில் சராசரியாக 15 விழுக்காடு எடையைக் குறைத்தது. பசியின் ஹார்மோன் மொழியிலேயே உடலோடு பேசும் மருந்துகள் இவை. ஆனால் நிறுத்திய ஓராண்டுக்குள், இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. டிர்செப்படைடு அறிமுகமானபோது 2.5 மில்லிகிராம் குப்பியின் விலை 3,500 ரூபாய். 5 மில்லிகிராம் 4,375 ரூபாய். நான்கு வாரத்துக்கு 14,000 முதல் 17,500 வரை. இத்தொகையை எத்தனை ஆண்டுகள் செலுத்த இயலும் என்பதை நோயாளியிடம் எப்படிக் கேட்பது என்பதும் மருத்துவரின் சங்கடங்களில் ஒன்று. மருந்துக் கடையில் நேராகச் சென்று கேட்பவர்களும், திருமணத்துக்கு மூன்று மாதம் முன்பு அவசரமாக வருபவர்களும் அவரை மேலும் சங்கடப்படுத்துகிறார்கள். கொழுப்போடு தசையும் கரையும் என்பதால், முன்பே தசை குறைந்த நம்மவர்க்குப் புரத உணவும் தசைப் பயிற்சியும் இன்றி இந்த ஊசியைத் தருவது முறையன்று.

மிகுந்த பருமனுக்கு அறுவை சிகிச்சை உண்டு. அதற்கான செலவில் காப்பீடு கைகொடுக்குமா என்பது வாடிக்கையாளர்கள் அறிந்திருக்க வேண்டிய செய்தி. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019இல் வகுத்த விதிமுறைகளின்படி, உடற்பருமன் அறுவை சிகிச்சையை விலக்கும் நிறுவனங்களும் சில நிபந்தனைகள் நிறைவேறினால் விலக்க இயலாது. மருத்துவரின் பரிந்துரை வேண்டும், அறுவை மருத்துவ நெறிகளுக்கு உட்பட்டிருக்க வேண்டும், வயது 18 நிறைந்திருக்க வேண்டும், பி.எம்.ஐ. 40 அல்லது அதற்கு மேல் இருக்கவேண்டும். இதய நோய், கடுமையான உறக்க மூச்சுத் தடை, கட்டுக்குள் வராத இரண்டாம் வகை நீரிழிவு போன்றவை இருந்தால் 35 போதும். ஆனால் மற்ற எளிய முறைகளில் முயன்றும் எடை குறையாதிருக்க வேண்டும்.

"முயன்றும் குறையவில்லை" என்பதற்குச் சான்று எங்கே என்று கேட்டால் மருத்துவர் திகைக்கிறார். அவர் சொன்னது "கொஞ்சம் குறையுங்கள்" என்ற வாய்மொழி. சீட்டில் எழுதியதோ முழங்காலுக்கான மாத்திரை. ஆகவே ஒவ்வொரு வருகையிலும் எடையும் இடுப்பளவும் தேதியுடன் சீட்டில் பதிவாகும்படி கேட்டுப் பெறுவோம். உணவியல் நிபுணரிடம் சென்ற ரசீதையும் அதே கோப்பில் வைப்போம். புதிய பாலிசிக்கான முன்மொழிவுப் படிவத்தில் உயரம், எடை என்ற இரு கட்டங்கள் இருக்கும். அவற்றை முகவர் ஊகித்து நிரப்ப விடாமல், அன்றைய எடையைப் பார்த்து நாமே எழுதுவோம். அந்தக் கட்டத்தில் உள்ள எண்ணும் மருத்துவமனைச் சீட்டில் உள்ள எண்ணும் முரண்படும்போதுதான் உரிமைக்கோரல்கள் சிக்கலுக்கு உள்ளாகின்றன.